சுந்தரமூர்த்தி ஆடிய அணிகள்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது நம் கழகத்தின் வரலாறு. "அண்ணே, எட்டுப் பக்கம் ஒதுக்கியிருக்கோம், ஆரம்பிச்ச நாள்லேர்ந்து எழுதிக் குடுத்துருங்க" என்றார்கள். ஆரம்பித்த நாள் எது என்பதிலேயே ஊரில் இரண்டு கட்சி. சங்கப் பதிவுச் சான்றிதழில் உள்ள தேதிதான் என்கிறவர்கள் ஒரு பக்கம். அதற்கு முன்னாலேயே கண்மாய்க்கரைப் பொட்டலில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு ஆடினோமே, அது கணக்கில் வராதா என்கிறவர்கள் மறுபக்கம். சரி, நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். மைக் செட் வாடகை இருக்கிறது. பந்து வாங்கிய ரசீது ஒட்டியிருக்கிறது. சுழற்கோப்பைக்கு யார் உபயம், ரெஃப்ரிக்குச் சாப்பாடு யார் வீட்டில், எல்லாம் இருக்கிறது. தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர்கள் ஆண்டுதோறும் அழகாக எழுதி அடிக்கோடிடப்பட்டுள்ளன. அந்த வருஷம் ஃபார்வர்டு ஆடியவர் யார், கோல்கீப்பர் யார், எத்தனை கோல் என்ற விவரம் மட்டும் எங்கும் இல்லை.

அதனால் வேறு வழியில் போகிறேன். ஒரு ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டு, அவர் எந்தெந்த அணிகளில் ஆடினார், எவற்றுக்குக் கோச்சாக இருந்தார், அந்த அணிகள் பிறகு என்ன ஆயின என்று பார்ப்போம். அந்த ஆட்டக்காரர் சிங்கப்பூரின் வரதராஜு சுந்தரமூர்த்தி. நம் ஊர்த் தொடர்போட்டி நோட்டீஸைக் கையில் எடுத்தால் இவர் ஏன் என்பது விளங்கிவிடும்: உபயதாரர் வரிசையில் பாதிக்கு மேல் 'சிங்கப்பூர்' என்று அடைப்புக்குறி விழுந்திருக்கும். அறந்தாங்கி, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போனவர்கள் தைலம், டார்ச் லைட், சாக்லேட்டோடு இந்தப் பெயரையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார்கள். அங்கே தமிழர் அல்லாதவர்களும் அவரைச் செல்லமாக 'சுந்தரம்' என்றுதான் சொல்வார்கள்.

அவர் பிறந்தது 1965 அக்டோபர் 6. சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானது அதே ஆண்டு ஆகஸ்ட் 9; அதாவது நாடு பிறந்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. பிரிந்த பிறகும் பந்தாட்டத்தில் மட்டும் இரண்டும் பிரியவில்லை. மலேசியக் கோப்பை என்பது 1921 முதல் நடந்துவரும் போட்டி. கெடா, பகாங், சிலாங்கூர், ஜொகூர் என்று மாநில அணிகள் மோதும். அதில் சிங்கப்பூரும் ஒரு மாநிலம் போலவே ஆடியது. அடுத்த நாட்டின் மாநிலக் கோப்பையில் ஒரு தனி நாடு போய் ஆடுவது வெளியாளுக்கு விநோதமாகப் படலாம். 1948 மார்ச் வரை தஞ்சாவூர், திருச்சி, இராமநாதபுரம் ஜில்லாக்களுக்கு நடுவே தனிச் சமஸ்தானமாக இருந்து, சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் எல்லை பார்க்காமல் போய்வந்த புதுக்கோட்டைக்காரர்களுக்கு அதில் விநோதம் ஒன்றும் தெரியாது.

அந்தக் கோப்பைக்காக சிங்கப்பூர் ஆடிய இடம் கல்லாங்கிலிருந்த தேசிய விளையாட்டரங்கம். 1973இல் திறந்தது, 55,000 பேர் உட்காரலாம். மலேசிய அணி வந்துவிட்டால் எழும்பும் சத்தத்துக்கே 'கல்லாங் கர்ஜனை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அங்கே 1980களில் இளைஞராக வந்து இறங்கியவர் சுந்தரம். பந்தைக் காலோடு ஒட்டவைத்து எடுத்துப் போவதில் சூரர். எதிரே வருகிற தடுப்பாட்டக்காரர் எந்தக் காலில் பாரம் வைத்திருக்கிறார் என்று பார்த்து, அந்தக் காலுக்கு வெளிப்பக்கமாகப் பந்தைத் தள்ளிக் கடந்துவிடுவார். ரசிகர்கள் வைத்த பட்டப்பெயர் 'டாஸ்லர்', கண்ணைக் கூசவைக்கிறவர்.

அவருக்கு முன்னால் அதே பாதையில் போனவர் ஃபாண்டி அகமது. ஹாலந்தின் குரோனிங்கன் கிளப்புக்காக 1983இல் இன்டர் மிலானுக்கு எதிராகவே கோல் போட்டவர். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து ஒருவர் ஐரோப்பாவில் ஆட முடியும் என்று அவர் காட்டிவிட்ட பிறகு, சுந்தரமும் 1980களின் கடைசியில் சுவிட்சர்லாந்துக்குப் போனார். பாசல் கிளப். இன்றைக்கு அந்தப் பெயரைக் கேட்டால் சாம்பியன்ஸ் லீக் நினைவுக்கு வரும். அன்றைக்கு அந்த அணி முதல் பிரிவிலிருந்து கீழே விழுந்து இரண்டாம் பிரிவில் உருண்டுகொண்டிருந்தது. சுந்தரம் அங்கே அதிக நாள் தங்கவில்லை. திரும்பி வந்தார், கெடாவுக்கு ஆடினார், மறுபடி சிங்கப்பூருக்கு ஆடினார். ஒரு ஃபார்வர்டின் பிழைப்பு எப்போதுமே இப்படித்தான். தடுப்பாட்டக்காரருக்கு ஓர் ஊரில் நிலம்புலம் உண்டாகிவிடும்; கோல் போடுகிறவர் கோல் வரும்வரைதான் அந்த ஊர்க்காரர். நாலு ஆட்டம் வறண்டுபோனால் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

1993க்கு வருகிறேன். அந்த ஆண்டு தேசிய அரங்கில் புருனேக்கு எதிராக சுந்தரம் போட்ட பைசைக்கிள் கிக் கோலைப் பற்றிச் சிங்கப்பூரில் வயதானவர்கள் இன்னும் பேசுகிறார்கள். நம் பையன்களும் யூடியூபில் பார்த்துவிட்டு அதைச் செய்கிறேன் என்று செம்மண் பொட்டலில் முதுகு பெயர விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோலுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். பந்து மேலிருந்து இறங்கும்போது, உதைக்கப்போகிற காலை அல்ல, மற்றக் காலை முதலில் மேலே வீசவேண்டும். அந்த வீச்சிலேயே உடம்பு மல்லாக்கச் சாயும். அப்போதுதான் இரண்டாவது கால் கத்திரிபோல் மாறி மேலே வந்து தலைக்கு மேல் பந்தை அடிக்கும். கோலைக் கண்ணால் பார்க்கவே முடியாது. அது எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே முதுகுக்குத் தெரிந்திருக்கவேண்டும். விழும்போது கையை ஊன்றாமல், முழங்கைக்குக் கீழும் தோள்பட்டையும் சேர்ந்து தரையை வாங்கவேண்டும். கையை நேராக ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். புல்தரையில் செய்கிறவர்களே மெத்தை போட்டுப் பழகுகிறார்கள். நம் பொட்டலில் வேண்டாம் தம்பிகளா.

அந்த 1993 மலேசியக் கோப்பை இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 0-2 என்று தோற்றது. தோற்றது யாரிடம் என்றால் கெடாவிடம். சுந்தரம் ஒரு காலத்தில் சட்டை போட்ட அதே கெடாவிடம். அடுத்த ஆண்டு டிசம்பரில் பகாங்கை 4-0 என்று அடித்துச் சிங்கப்பூர் கோப்பையை எடுத்தது. அப்பாஸ் சாத் மூன்று, ஃபாண்டி ஒன்று. அந்த வெற்றி அணியின் படம் இன்றும் சிங்கப்பூர்க் காப்பிக்கடைச் சுவர்களில் தொங்குகிறது. அதில் சுந்தரம் இல்லை. 1994இல் அவர் அணியில் சேர்க்கப்படவில்லை. முந்தைய ஆண்டு முழுக்க ஊரே பேசிய ஆட்டக்காரர், ஊரே கொண்டாடிய படத்தில் இல்லாமல் போனார். நம் ஊர் மலரிலும் இப்படி விடுபட்ட முகங்கள் உண்டு. நாம் படத்தோடு பெயரே போடாததால் யார் விடுபட்டார் என்றுகூடத் தெரியாது.

அந்தக் கோப்பையோடு அந்த அணியும் முடிந்தது. நுழைவுச்சீட்டு வசூலைப் பங்கு பிரிப்பதில் இரண்டு நாட்டுக் கால்பந்துச் சங்கங்களுக்கும் தகராறு. போதாக்குறைக்கு ஆட்டங்களை விலைபேசிய சூதாட்டப் புகார்கள். 1995 தொடக்கத்தில் சிங்கப்பூர் மலேசியப் போட்டிகளிலிருந்து வெளியேறியது. 24 முறை மலேசியக் கோப்பையை எடுத்த ஓர் அணி, 24ஆவது முறை எடுத்த கையோடு கலைந்தது.

சிங்கப்பூர் தனக்கென்று ஒரு லீகைத் தொடங்கியது. 1996 ஏப்ரல் 14, எட்டு அணிகள், பெயர் எஸ் லீக். சுந்தரம் வுட்லண்ட்ஸ் வெலிங்டனுக்கு ஆடினார், பிறகு ஜூரோங் அணிக்குப் போனார். ஜூரோங்கில்தான் அவர் ஆட்டக்காரராகவும் கோச்சாகவும் ஒரே நேரத்தில் இருந்தார். இது எவ்வளவு சங்கடமான நாற்காலி என்று நம் கழகத்தில் கேப்டனாக இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பெஞ்சில் உட்காரவைத்த பையனுக்குப் பதிலாகத் தானே இறங்கவேண்டும். தான் தவறவிட்ட கோலுக்காக அடுத்தவனைத் திட்ட முடியாது. இடைவேளையில் மூச்சு வாங்கிக்கொண்டே அடுத்த பாதிக்குத் திட்டம் சொல்லவேண்டும்.

ஜூரோங் அணி 2003க்குப் பிறகு லீகில் ஆடவில்லை. வுட்லண்ட்ஸ் 2015 பருவத்துக்கு முன்னால் ஹவ்காங் அணியோடு இணைக்கப்பட்டது. கல்லாங் தேசிய அரங்கமும் 2010இல் இடிக்கப்பட்டு, அதே இடத்தில் புதியது 2014இல் வந்தது. ஆக, சுந்தரம் பந்து உதைத்த இடங்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பெருக்கிவிட்டார்கள்.

கோச்சாக அவர் வாழ்க்கையில் எழுதவேண்டிய பகுதி லயன்ஸ்12. பதினேழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு சிங்கப்பூரும் மலேசியாவும் கைகுலுக்கின. மலேசியாவின் இளையோர் அணி சிங்கப்பூர் லீகில் ஆடும். பதிலுக்குச் சிங்கப்பூர் அணி ஒன்று மலேசிய சூப்பர் லீகில் ஆடும். அந்த அணிக்குப் பெயர் லயன்ஸ்12: களத்தில் பதினொருவர், பன்னிரண்டாவது ஆள் ரசிகர். முதல் கோச் சுந்தரமூர்த்தி. அணியில் பெரும்பாலும் இளவட்டங்கள். சொந்த மைதானம் ஜாலான் புசார், சுமார் ஆறாயிரம் பேர் கொள்ளளவு, செயற்கைப் புல்தரை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடம் சட்டென்று புரியச் சொல்லவேண்டுமானால், ஞாயிற்றுக்கிழமை நம்மவர்கள் கூடுகிற தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம்.

முதல் பருவம் 2012. லீகில் கிளந்தானுக்கு அடுத்த இரண்டாம் இடம். மலேசியக் கோப்பையில் அரையிறுதி வரை வந்து, மலேசிய ராணுவ அணியிடம் பெனால்டியில் தோல்வி. இரண்டாம் பருவம் 2013. ஜூலை 2ஆம் தேதி ஜாலான் புசாரில் ஃபெல்டா யுனைடெட்டை 4-0 என்று வென்றபோது லீக் பட்டம் உறுதியானது. பன்னிரண்டு அணி, 22 ஆட்டம், இரண்டு நாட்டுக்கும் இடையே ஓயாத பயணம், இத்தனைக்கும் நடுவில் ஓர் இளையோர் அணி பட்டம் எடுத்தது சாதாரணமில்லை.

அதை எடுத்த விதம்தான் வேடிக்கை. கண்ணைக் கூசவைத்த ஃபார்வர்டு பயிற்சி கொடுத்த அணி, கண்ணுக்கு விருந்தாக ஆடவில்லை. பின்வரிசை கட்டுக்கோப்பு. நடுவரிசை கீழே இறங்கி நிற்கும். பந்தைப் பறிகொடுத்தால் அந்த நொடியே எல்லாரும் தத்தம் இடத்துக்கு ஓடவேண்டும். "ஆடுனப்ப அவர் கால்லேர்ந்து யாராலயும் பந்தை எடுக்க முடியாது. கோச்சானப்புறம் அவர் எல்லையைத் தாண்டி யாராலயும் பந்தை எடுத்துட்டுப் போக முடியாது" என்பார் சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய நம் ஊர்க்காரர் ஒருவர். ரசிகர்களில் பலருக்கு இது பிடிக்கவில்லை. பிற்பாடு தேசிய அணிக்குக் கோச்சானபோது இந்தக் குறைதான் பெரிதாக எழுந்தது: தற்காப்பு, தற்காப்பு, மறுபடி தற்காப்பு.

என் கணக்கில் இது முரண் அல்ல. வித்தைக்கார ஃபார்வர்டுக்குத்தான் தடுப்பாட்டத்தின் ஓட்டைகள் எல்லாம் தெரியும். இத்தனை வருஷம் அவற்றுக்குள் புகுந்துதானே சாப்பிட்டார். கோச்சாக உட்கார்ந்ததும் கண்ணில் முதலில் படுவது அந்த ஓட்டைகளே. இன்னொன்று, தன்னால் முடிந்ததை இருபது வயதுப் பையனால் செய்ய முடியாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். டிரிப்ளிங் சொல்லிக்கொடுத்து வருவதில்லை. எங்கே நிற்கவேண்டும், யாரைப் பிடிக்கவேண்டும், எப்போது ஓடவேண்டும் என்பதெல்லாம் சொல்லிக்கொடுத்தால் வரும். வருவதைச் சொல்லிக்கொடுத்தார், பட்டம் வந்தது. ரசிகரின் ஏக்கம் நியாயமானது என்றாலும், புள்ளிப் பட்டியலுக்கு அது தெரியாது.

பட்டம் எடுத்த பிறகு சுந்தரம் மலேசியாவின் நெகிரி செம்பிலான் அணிக்குப் போனார். லயன்ஸ்12 ஃபாண்டியிடம் வந்தது; 2015இல் மலேசிய எஃப்.ஏ. கோப்பையையும் எடுத்தது. அதே ஆண்டு நவம்பரில் மலேசியச் சங்கம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை என்று அறிவித்தது. நாலு பருவம், இரண்டு கோப்பை, அணி இல்லை.

நெகிரி செம்பிலானுக்குப் பிறகு டம்பைன்ஸ் ரோவர்ஸ். 2016 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதி ஆட்டத்துக்காக அந்த அணியோடு இந்தியாவுக்கு வந்து மோகன் பகானிடம் 1-3 என்று தோற்றுப் போனார். லிவர்பூலுக்கு ஆடிய ஜெர்மைன் பெனன்ட் அந்தச் சமயத்தில்தான் டம்பைன்ஸில் சேர்ந்திருந்தார். சிங்கப்பூர்ப் பத்திரிகைகள் அதைத் தவிர வேறெதுவும் எழுதவில்லை. மே மாதம் சுந்தரத்தைத் தேசிய அணிக்கு அழைத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம், நீட்டினால் வருத்தம்தான். 2016 ஆசியான் கோப்பையில் பிலிப்பைன்ஸோடு கோலின்றி டிரா, தாய்லாந்திடம் 0-1, இந்தோனேசியாவிடம் 1-2, குழுச் சுற்றோடு வீடு. 2017 ஜூனில் மெஸ்ஸி வராத அர்ஜென்டினாவிடம் 0-6. 2018 ஏப்ரலில் விலகினார்.

அவர் டம்பைன்ஸை விட்டுப் போனபோது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அக்பர் நவாஸ். பெயரை எங்கோ கேட்டதுபோல் இருக்கிறதா? கேட்டிருப்பீர்கள். 2018-19 ஐ-லீக் பருவத்தில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணியின் கோச் அவர்தான். 2019 மார்ச் 9ஆம் தேதி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று பட்டம் எடுத்தார்கள். தமிழ்நாட்டுக் கிளப் ஒன்று ஐ-லீக் சாம்பியன் ஆனது அதுவே முதல்முறை. நம் பையன்கள் சிலர் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அந்த அணியின் பெட்ரோ மன்சியின் பெயரைப் பொட்டலில் கத்திக்கொண்டு திரிந்தார்கள். அந்த அணியையும் இப்போது தேடாதீர்கள். 2021இல் லைசென்ஸ் கிடைக்காமல் ஐ-லீகிலிருந்து வெளியே போனது.

சிங்கப்பூர்க் கதையே சொல்கிறாயே, நம் பக்கத்தில் ஆளில்லையா என்று கேட்கிறவர்களுக்கு: இருக்கிறார். ராமன் விஜயன், தமிழ்நாட்டுக்காரர், ஃபார்வர்டு, பின்னாளில் கோச். கொல்கத்தா ஈஸ்ட் பெங்கால் போன்ற பெரிய கிளப்புகளைப் பார்த்தவர். 1997-98 தேசிய லீகில் எஃப்.சி. கொச்சினுக்காகப் பத்து கோல் போட்டு, அந்தப் பருவத்தின் அதிக கோல் அடித்தவர் ஆனார். அதற்கு முந்தைய ஆண்டு அந்த இடத்தில் இருந்தவர் பைச்சுங் பூட்டியா. எஃப்.சி. கொச்சின் 1997இல் பிறந்தது, ஐ.எம். விஜயன், ஜோபால் அஞ்சேரி என்று நட்சத்திரங்களை அள்ளிக்கொண்டு வந்து, பிறந்த ஆண்டிலேயே மோகன் பகானை வென்று டூரண்ட் கோப்பையைத் தூக்கியது. சம்பளப் பாக்கி, கடன் என்று இழுத்துப் பறித்து 2002இல் மூடியது. பத்து கோல் போட்டவர் இருக்கிறார். எந்தச் சட்டையில் போட்டாரோ அந்தச் சட்டை இல்லை.

இதற்கு நேர் எதிர்ப் பாதை ஒன்று அந்தக் காலத்தில் இருந்தது: ஆபீஸ் டீம். இந்தியன் வங்கி, ஐ.சி.எஃப்., துறைமுகம், ரயில்வே என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்துவிட்டால் ஆட்டக்காரர் சென்னையை விட்டு நகரவே வேண்டாம். காலை பயிற்சி, பிறகு கவுன்டர், மாதம் பிறந்தால் சம்பளம், கடைசியில் பென்ஷன். இந்திய அணியின் முன்வரிசையில் ஆடிய சையத் சபீர் பாஷா இந்தியன் வங்கிக்காரர். ஆட்டம் முடிந்து அதே வங்கி அணிக்குக் கோச்சானார். பின்னர் சென்னையின் எஃப்.சி.யில் துணைக் கோச்சாக 2017-18 ஐ.எஸ்.எல். பட்டத்தில் பங்கு பெற்றார். பெட்டி கட்டாமலேயே ஒரு ஃபார்வர்டு கோச்சாக முடிந்த பாதை அது. இன்றைக்கு வங்கிகளும் துறைகளும் ஆட்டக்காரர்களை எடுப்பது குறைந்துபோய்விட்டது. வீட்டில் அம்மா "பந்து விளையாடிச் சோறு வருமா?" என்று கேட்டால் அந்தக் காலப் பையனிடம் ஒரு பதில் இருந்தது. இந்தக் காலப் பையனிடம் இல்லை. கழகம் நடத்துகிற நாம் இதைச் சும்மா தாண்டிப் போகக்கூடாது.

கோச் என்று பேச்சு வந்துவிட்டால் பந்தாட்டத்துக்கு வெளியே இருந்தாலும் நம் மாவட்டத்துக்காரரைச் சொல்லாமல் விடமாட்டேன். கதக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கியவர். ஒரு பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள். அமைப்புகள் கைவிட்ட அந்த நாட்களில் அவர் புதுக்கோட்டையில் பிள்ளைகளைச் சேர்த்து ஓடப் பழக்கினார். பிறகு செங்கல் சூளையில் கூலி வேலையும் பார்த்தார். பெங்களூரில் முறையாகப் பயிற்சியாளர் படிப்பு முடித்தார். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் தடகளக் கோச் ஆனார். சுந்தரத்தை ஓர் அணிப் படத்தில் விட்டுவிட்டார்கள். இவரை முழுப் பதிவேட்டிலிருந்தே அடித்தார்கள். இரண்டு பேரும் பழக்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இப்போது நம் நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்புகிறேன். ஜூரோங் இல்லை, லயன்ஸ்12 இல்லை, கொச்சின் இல்லை. ஆனாலும் புதுக்கோட்டை மாவட்டத்து மூலையில் உட்கார்ந்து அவற்றின் கதையை என்னால் எழுத முடிகிறது. எந்த நாள், எந்த மைதானம், எத்தனைக்கு எத்தனை, யார் போட்டது என்று யாரோ ஒருவர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குறித்துவைத்திருக்கிறார். அந்த அணிகள் போய்விட்டன, பட்டியல் இருக்கிறது. நம் கழகம் இருக்கிறது, பட்டியல் இல்லை. நம் எழுவர் ஆட்டத்தில் ஆடி, வெளி மாவட்டத் தொடர்போட்டிகளுக்கு லாரியில் நின்றுகொண்டே போய்க் கோப்பை வாங்கிவந்தவர்கள் இன்று மளிகைக் கடையிலும் வளைகுடாவிலும் சிராங்கூன் சாலையிலும் இருக்கிறார்கள். அவர்கள் பெயர் மலரில் வருமானால் 'நல்வாழ்த்துக்களுடன்' விளம்பரப் பக்கத்தில் வரும், காசு கட்டியதற்காக.

செயற்குழுவில் இதைச் சொன்னபோது இரண்டு காரியங்கள் முடிவாயின. ஒன்று, இந்த ஆண்டு தொடர்போட்டியிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு தாள். இரண்டு அணிப் பெயர், ஏழு பேர் பெயர், மாற்று ஆட்டக்காரர், கோல் போட்டவர், நிமிடம், ரெஃப்ரி கையெழுத்து. மைக்கில் கமெண்ட்ரி சொல்கிற தம்பியே எழுதுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். எப்படியும் அவர்தான் எல்லாருடைய பெயரையும் பட்டப்பெயரோடு தெரிந்துவைத்திருக்கிறார். அதிகாரப்பூர்வத் தாளில் பட்டப்பெயர் போடலாமா என்று ஒரு விவாதம் கிளம்பி அரைமணி நேரம் ஓடியது. போடலாம் என்று முடிவு. சுந்தரத்தை வரதராஜு என்று எழுதினால் யாருக்குத் தெரியும்?

இரண்டாவது, முதல் பரிசுத் தொகையை ஏற்றுவதற்காகச் சிங்கப்பூர் நண்பர்கள் அனுப்பிய பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, நம் பழைய ஆட்டக்காரர் ஒருவரை அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் டி லைசென்ஸ் படிப்புக்கு அனுப்புவது. சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுக்க அதுதான் முதல் படிகளில் ஒன்று. மேலே சி, பி, ஏ என்று போகும். 'பணம் கொடுத்தவன் கோப்பையில் பேர் கேட்பானே' என்று பொருளாளர் தயங்கினார். கேட்டுப் பார்த்தோம். அவர்களில் ஒருவர், சுந்தரம் கோச்சாக இருந்தபோது ஜாலான் புசாரில் உட்கார்ந்து பார்த்தவர், மறுவார்த்தை பேசாமல் சரி என்றார். ஃபார்வர்டு ஆடியவரையே அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். நம்மிடம் மனு கொடுத்திருப்பவர்களில் ஒருவர் ஃபார்வர்டு, இன்னொருவர் கோல்கீப்பர். பொதுக்குழுவில் வைத்துத்தான் முடிவெடுக்கவேண்டும். இங்கே எழுதி ஒரு பக்கம் சாய்க்க எனக்கு அதிகாரம் இல்லை.

பழைய அணிப் படங்கள் வீட்டில் இருப்பவர்கள் கொண்டுவந்து கழக அலுவலகத்தில் கொடுங்கள். ஸ்கேன் எடுத்துக்கொண்டு அன்றைக்கே திருப்பித் தருகிறோம். படத்தின் பின்னால் இடமிருந்து வலமாகப் பெயர்களை எழுதுங்கள். நிற்கிறவர்கள் தனி வரிசை, உட்கார்ந்திருப்பவர்கள் தனி வரிசை. அன்றைக்கு ஆடி, படம் எடுக்கும்போது இல்லாதவர் யாராவது இருந்தால் அவர் பெயரையும் கீழே ஒரு வரியில் எழுதுங்கள்.